ஒரே ஒரு வாக்கு: ரொறன்ரோ நகரசபையில் ஜாக் லேட்டன்

2000 அக்டோபரில் ரொறன்ரோ நகரசபை தன் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று நாள்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தது. அதுவரை குப்பை போய்ச் சேர்ந்துகொண்டிருந்த கீல் வலி குப்பைமேடு 2002 முடிவில் மூடப்பட இருந்தது. மேயர் மெல் லாஸ்ட்மன் தரப்பு மாற்று இடம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்தில், கேர்க்லண்ட் லேக் ஊருக்குப் பக்கத்தில், அடம்ஸ் மைன் என்ற கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம். ரயிலில் ஏற்றி அங்கே அனுப்பிவிட்டால் 20 வருடத்துக்குக் கவலை இல்லை என்றார்கள்.

அந்தப் பள்ளம் காய்ந்த பள்ளம் இல்லை. பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் ஊறி ஏரிபோல நிறைந்திருந்த இடம். குப்பையிலிருந்து வடியும் கழிவுநீர் தங்கள் கிணற்றுக்கும் வயலுக்கும் வந்துவிடும் என்று அந்தப் பகுதி விவசாயிகளும் திமிஸ்கமிங் பூர்வகுடி மக்களும் பயந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ரொறன்ரோவில் வாக்கு கிடையாது. ஆனாலும் தெற்கே வந்து சபைக் கட்டடத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே அவர்களுக்காக வாதாடியவர்களில் முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர்: ஜாக் லேட்டன், அவருடைய மனைவி ஒலிவியா சௌ. இருவருமே நகரசபை உறுப்பினர்கள்.

வாக்கெடுப்பில் அவர்கள் தரப்பு தோற்றது. ஆனால் நீண்ட விவாதத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. நாளைக்கு எதிர்பாராத செலவு வந்தால் அதை யார் கட்டுவது என்ற கேள்வியைச் சபையால் தள்ளிவிட முடியவில்லை. அந்தப் பொறுப்பைத் தாங்கள் ஏற்க முடியாது என்று குத்தகைக்கு வந்த நிறுவனக் கூட்டு சொன்னது. சில நாட்களிலேயே ஒப்பந்தம் முறிந்தது. 2004இல் ஒன்ராறியோ மாகாண அரசு சட்டமே போட்டு அந்தப் பள்ளத்தில் குப்பை கொட்டுவதைத் தடுத்தது.

வடக்கத்திய மக்களுக்கு இது பெரிய வெற்றி. ரொறன்ரோவின் குப்பைக்கு இது தீர்வு ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்த்தவர்கள் கேட்டது குப்பையைக் குறை, பிரித்தெடு, மறுபடி பயன்படுத்து என்பது. நடந்தது என்னவென்றால், நாளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட லொறிகள் எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்கு ஓடின. 2010 முடிவு வரைக்கும் அது நிற்கவில்லை. வாக்கெடுப்பில் தோற்று, காரியத்தில் பாதி வென்று, மீதிப் பாதியை அடுத்தவர் தலையில் விட்ட இந்த நிகழ்வில் லேட்டனின் நகரசபை வாழ்க்கை முழுவதும் சிறிய அளவில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

உறுப்பினர் ஒருவரிடம் என்ன இருக்கிறது

இங்கே பல வருடம் வாழ்ந்த நம்மவர்களுக்குக்கூட நகரசபை உறுப்பினரின் அதிகாரம் எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியாது. தெருவில் பனி அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் கூப்பிடும் ஆள் என்ற அளவில் தெரியும். சட்டப்படி அவர் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். ரொறன்ரோ நகரசபைக்குள் கட்சி அமைப்பு கிடையாது. உறுப்பினர்கள் பலர் ஏதாவது ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் சபைக்குள் கொறடா இல்லை, ஆளும் கட்சி வரிசை, எதிர்க்கட்சி வரிசை என்று இல்லை. லேட்டன் இருந்த காலத்தில் மேயருக்கும் ஒரு வாக்கு, அவருக்கும் ஒரு வாக்கு. மேயருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டம் 2022இல்தான் வந்தது. வரி வசூல் பெரும்பாலும் சொத்து வரியோடு நின்றுவிடும். மாகாண அரசு நினைத்தால் நகரத்தின் எல்லையைக்கூட மாற்றி எழுதலாம்; எழுதியும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தீர்மானத்துக்கும் புதிதாக ஆள் சேர்க்க வேண்டும். இன்றைக்குச் சைக்கிள் பாதைக்குக் கைதூக்கியவர் நாளைக்கு வாடகை வீட்டு விஷயத்தில் எதிரே நிற்பார். அவரையே அடுத்த வாரம் வேறொன்றுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இப்படியான சபையில் ஒரே ஒரு வாக்கை வைத்துக்கொண்டு, வாக்கெடுப்பு முடிந்த பிறகும் நிலைத்து நிற்கும் காரியத்தை ஒருவர் எப்படிச் செய்வது? லேட்டனை நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியின் தலைவராக நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். 2011இல் அவர் இடதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சிக்கு 103 இடங்கள் வாங்கித் தந்தார். அதே தேர்தலில் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் வென்று ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதனால் நம் வீடுகளிலும் அவர் பெயர் தெரியும். ஆனால் அவருடைய தொழில் நகரசபையில் பழகியது. இந்த ஆய்வு அந்தக் காலத்தைப் பற்றியது.

சத்தம் போட்ட வருடங்கள்

லேட்டன் 1950இல் மொன்றியலில் பிறந்தவர். பக்கத்திலுள்ள ஹட்சன் என்ற வசதியான ஆங்கிலேயச் சிற்றூரில் வளர்ந்தவர். அரசியல் குடும்பம், ஆனால் இடதுசாரிக் குடும்பம் இல்லை. தாத்தா கில்பேர்ட் லேட்டன் கியூபெக் மாகாண முதல்வர் துப்ளெசியின் அமைச்சரவையில் இருந்தவர். அப்பா ரொபர்ட் லேட்டன் பிரதமர் பிரையன் மல்ரோனியின் முற்போக்கு பழமைவாதக் கட்சி அரசில் அமைச்சராக இருந்தவர். மகன் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, 1970களின் தொடக்கத்தில் ரொறன்ரோ வந்து, அப்போது ரையர்சன் என்று பெயர் கொண்டிருந்த கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினார்.

1982 தேர்தலில் நகர மையத்தின் 6ஆம் வட்டாரத்தில், பதவியில் இருந்த கோர்டன் சொங்கைத் தோற்கடித்து உள்ளே வந்தார். யாரும் எதிர்பார்க்காத வெற்றி. ஜீன்ஸ் போட்டு, மீசை வைத்து, சைக்கிளில் நகரமண்டபத்துக்கு வந்து இறங்கும் உறுப்பினர். எந்த ஊர்வலத்திலும் முன் வரிசையில் இருப்பார், எந்தக் கமெராவுக்கும் பேசக் கிடைப்பார். விளம்பரப் பிரியர் என்று அன்றைக்கே எதிராளிகள் சொன்னார்கள். அது முழுப் பொய் என்று நான் வாதாட மாட்டேன். சபையில் ஆள் பலம் இல்லாதவருக்கு வெளியே இருந்து வரும் கவனம்தான் ஆயுதம். அவர் அதைத் தெரிந்தே பயன்படுத்தினார்.

1984இல் ஈட்டன்ஸ் கடை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஈட்டன் சென்டர் வணிக வளாகத்துக்குள் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். தனியார் இடத்தில் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். கருத்துச் சுதந்திரத்தின் அடிப்படையில் அது பின்னர் தள்ளுபடியானது. கனடாவின் உரிமைகள் சாசனம் வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது. வணிக வளாகம் யாருடைய சொத்தாக இருந்தாலும், ஊர் மக்கள் கூடும் இடத்தில் பேசும் உரிமை உண்டா என்ற கேள்வியை ஒரு நகரசபை உறுப்பினர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார். சபைத் தீர்மானம் ஒன்றால் இதைச் செய்திருக்க முடியாது.

ஸ்கைடோம் விளையாட்டரங்கத்தை எதிர்த்ததும் அந்த வருடங்களில்தான். ஊரே கொண்டாடிய கட்டடம். பொதுப் பணம் இதில் போய் விழும் என்று சொன்ன சிலரில் அவர் ஒருவர். 1989இல் திறந்தபோது செலவு 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கடன் மாகாண அரசின் தலையில் விழுந்தது. 2004இல் ரோஜர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது 2.5 கோடி டாலருக்கு. அன்றைக்கு எதிர்த்தவர்களை ஊர் வளர்ச்சிக்கு எதிரிகள் என்றார்கள். 1996 ஒலிம்பிக்ஸ் ஏலத்தை எதிர்த்தபோதும் அதே பெயர்தான். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டாமல் விளையாட்டுக்குப் பணமா என்று கேட்டார். 1990 செப்டம்பரில் போட்டி அற்லாண்டாவுக்குப் போனது. ரொறன்ரோ தோற்றதற்கு லேட்டன் போன்றவர்கள்தான் காரணம் என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. இதற்கு அவர் அடுத்த வருடமே விலை கொடுத்தார்.

இந்தச் சத்தத்துக்கு நடுவே ஓசையில்லாமல் நடந்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். 1980களின் இரண்டாம் பாதியில் அவர் நகர சுகாதாரச் சபைக்குத் தலைவராக இருந்தார். எயிட்ஸ் நோயாளிகளைத் தொடவும் ஆட்கள் பயந்த காலம். மேல்மட்ட அரசுகள் வாயைத் திறக்கத் தயங்கியபோது, தடுப்புக்கும் விழிப்புணர்வுக்கும் நகரமே பணம் ஒதுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1989இல் ஊசி மருந்து போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கும் நகரத் திட்டம் தொடங்கியது. வாக்கு வாங்கித் தராத வேலை. செத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் சொந்தக் குடும்பத்தாலேயே கைவிடப்பட்டவர்கள். என்னைக் கேட்டால், அவருடைய முதல் பத்து வருடங்களில் மிக நல்ல காரியம் இதுதான்.

எண்ணூறு டாலர் வாடகை

1990 ஜூனில் ரொறன்ரோ ஸ்டார் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. லேட்டனும் சௌவும் ஹேசல்பேர்ன் கூட்டுறவுக் குடியிருப்பில் மூன்று படுக்கையறை வீட்டில் மாதம் 800 டாலர் கட்டி இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வருடத்துக்குச் சம்பாதிப்பது ஏறத்தாழ 1,20,000 டாலர். அரசு மானியத்தில் எழுந்த வீட்டில் இவர்கள் ஏன் இருக்கிறார்கள்?

கூட்டுறவுக் குடியிருப்பு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் விடை சுலபம். ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் அடைத்து வைக்கும் பழைய பொதுக் குடியிருப்புகளின் தவறைத் திருத்தத்தான் இந்த முறை வந்தது. சம்பாதிப்பவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் ஒரே மாடியில் கலந்து இருப்பார்கள். மானியம் தேவைப்படுபவருக்கு மட்டும் வாடகையில் கழிவு. லேட்டன் தம்பதியர் சந்தை வாடகை கட்டும் பிரிவில் இருந்தவர்கள். அந்த வருட மார்ச்சிலிருந்து தாங்களாகவே மாதம் 325 டாலர் கூடுதலாகவும் கட்டிவந்தார்கள். நகரசபையின் சட்ட அதிகாரி விசாரித்து, தவறு எதுவும் இல்லை என்று அதே மாதத்தில் சொல்லிவிட்டார். பிறகு அவர்கள் சைனாடவுன் பகுதியில் சௌவின் அம்மாவோடு சேர்ந்து வீடு வாங்கிக் குடிபோனார்கள். அதை முன்பே திட்டமிட்டிருந்ததாகவும் சொன்னார்கள்.

விதிப்படி சரி. ஆனால் ஏழைகளின் வீட்டுக்காகச் சபையில் குரல் கொடுப்பவர், அந்தக் கேள்வி என்றாவது வரும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டத் தொடங்கியதே, உள்ளுக்குள் அவருக்கும் அது உறுத்தியதைக் காட்டுகிறது. நீண்ட விளக்கம் கேட்கும் நியாயத்தைத் தேர்தல் நேரத்தில் யாரும் நின்று கேட்பதில்லை. இன்றைக்கும் ரொறன்ரோவில் யாராவது லேட்டனைத் திட்ட வேண்டும் என்றால் முதலில் எடுப்பது இந்த வீட்டுக் கதைதான்.

1991 தோல்வி, அதற்கு முன்னும் பின்னும்

1991இல் மேயர் பதவிக்கு நின்றார், அதுவும் புதிய ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக. கண்ணாடியைக் கழற்றி, கோட்டும் டையும் மாட்டி, ஆளே மாறி வந்தார். பதவியில் இருந்த ஆர்ட் எகிள்டன் மறுபடி நிற்கவில்லை, வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் மாகாணத்தில் அதே கட்சியின் பொப் ரே அரசு மந்தநிலையில் மாட்டி மக்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தது. ஒலிம்பிக்ஸ் கசப்பு போகவில்லை. மற்ற முக்கிய வேட்பாளர்கள் விலகிக்கொள்ள, அவருக்கு எதிரான வாக்கு ஒன்றாகத் திரண்டது. ஜூன் ரோலண்ட்ஸ் ஏறத்தாழ இரு மடங்கு வாக்கில் வென்று ரொறன்ரோவின் முதல் பெண் மேயரானார். லேட்டனுக்கு உறுப்பினர் பதவியும் போனது.

இந்தத் தோல்விதான் அவரைப் பக்குவப்படுத்தியது என்று கதையை முடிப்பது எளிது. நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். தேதிகளைப் பார்த்தபோது அது முழுசாகப் பொருந்தவில்லை. அவருடைய வாழ்க்கையில் மிக நீடித்த காரியங்களில் ஒன்று தோல்விக்கு முன்பே நடந்துவிட்டது.

1988 ஜூனில் உலக விஞ்ஞானிகளும் அரசு அதிகாரிகளும் ரொறன்ரோவில் கூடி, வளிமண்டலம் மாறுகிறது என்று எச்சரித்து, 2005க்குள் கரியமில வாயுவை 20 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். நாடுகள் தயங்கின. ரொறன்ரோ நகரசபை 1990இல் அதே இலக்கைத் தன் இலக்காக ஏற்றது. தீர்மானம் போடுவதில் செலவில்லை. பணம் எங்கே? நகரத்துக்கு லாங்ஸ்டாஃப் என்ற இடத்தில் பழைய சிறைப் பண்ணை நிலம் இருந்தது. அதை விற்ற பணத்தில் 23 மில்லியன் டாலரைத் தனியே எடுத்து வைத்து, 1991இல் ரொறன்ரோ வளிமண்டல நிதியம் பிறந்தது. இதற்கு உழைத்தவர்கள் பலர். லேட்டன் அவர்களில் முக்கியமானவர். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார்.

அதன் சூட்சுமம் எளிமையானது. முதல் பணத்தைத் தொடாமல் அதிலிருந்து வரும் வருமானத்தில் கடனும் உதவியும் கொடு. கட்டடத்துக்காரர் கொதிகலனை மாற்றட்டும், சுவருக்குக் காப்பு போடட்டும். மிச்சமாகும் மின்சாரக் கட்டணத்திலிருந்து கடனைத் திருப்பட்டும், அது அடுத்தவருக்குப் போகட்டும். நகர வரவுசெலவில் வருடா வருடம் கேட்டு வாங்கும் திட்டமாக இதை வைத்திருந்தால், 1990களின் மந்தநிலையிலோ அதற்குப் பிறகு வந்த மாகாண வெட்டுகளிலோ காணாமல் போயிருக்கும். தனி முதல் என்று ஒதுக்கி, மாகாணச் சட்டத்தின் துணையோடு அமைத்ததால் அடுத்து வந்த எந்த மேயராலும் அதில் கை வைப்பது சுலபமாக இல்லை. இன்றும் இயங்குகிறது. லேட்டனைப் பற்றி நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதில்தான் இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் பெரும்பான்மையை நம்பாமல், கிடைத்த ஒரு பெரும்பான்மையை வைத்து அடுத்தவரால் எளிதில் கலைக்க முடியாத ஒன்றைக் கட்டிவிட வேண்டும். இந்தப் பாடத்தை அவர் தோற்பதற்கு முன்பே கற்றிருந்தார்.

தோல்விக்குப் பிறகு செய்த முதல் பெரிய காரியம் சபைக்கே சம்பந்தமில்லாதது. 1989 டிசம்பர் 6ஆம் திகதி மொன்றியலின் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களை, அவர்கள் பெண்கள் என்ற காரணத்துக்காகவே ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டு வருடம் கழித்து, மேயர் தேர்தல் தோல்வி நடந்து சில வாரங்களுக்குள், லேட்டனும் மைக்கல் காஃப்மனும் இன்னும் சிலரும் சேர்ந்து வெள்ளை ரிபன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் மீதான வன்முறையைச் செய்ய மாட்டேன், பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க மாட்டேன் என்று ஆண்கள் சட்டையில் வெள்ளை ரிபன் குத்திக்கொள்ள வேண்டும். ஆண்களிடம் ஆண்களே பேச வேண்டும் என்ற யோசனை அன்றைக்குப் புதிது. பிறகு அது 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

1993இல் ரோஸ்டேல் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு நின்று நான்காவது இடம். 1994இல் டொன் ரிவர் வட்டாரத்திலிருந்து மெட்ரோ சபைக்குத் திரும்பினார். மெட்ரோ என்பது அன்றைய ரொறன்ரோவும் சுற்றியிருந்த ஐந்து நகராட்சிகளும் சேர்ந்து வைத்திருந்த மேல் சபை. 1998 ஜனவரி 1 முதல் மாகாண அரசு இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. ஒன்றிணைப்பு வேண்டாம் என்று மக்கள் வாக்கெடுப்பில் பெரிய எதிர்ப்பு இருந்தது. மாகாணம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 57 பேர் உட்கார்ந்த பெரும் சபையில் ஸ்காபரோ, எற்றோபிக்கோ, நோர்த் யோர்க் புறநகர் உறுப்பினர்களின் கைதான் ஓங்கியிருந்தது. நகர மைய இடதுசாரிகள் அங்கே சிறுபான்மை. தன் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பூங்கா பெஞ்சுக்குக்கூடத் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. அவர் உண்மையில் மாறியது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

உறைந்து இறந்தவர்கள்

1993இல் கனடா மத்திய அரசு புதிய சமூக வீட்டுவசதிக்குப் பணம் போடுவதை நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோவில் மைக் ஹாரிஸ் அரசு வந்து, கட்டத் தயாராக இருந்த 17,000 கூட்டுறவு மற்றும் லாபநோக்கற்ற வீடுகளை ரத்துசெய்தது. சமூக உதவித் தொகையையும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியது. 1996இன் குளிர்காலத்தில் ரொறன்ரோ தெருக்களில் மூன்று ஆண்கள் உறைந்து இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பேருந்து நிறுத்தக் கூண்டு ஒன்றில், லேட்டனின் வீட்டுக்குப் பக்கத்திலேயே. அந்தச் சாவு அவரை விடவில்லை. வீடின்மை பற்றி 2000இல் புத்தகமே எழுதினார்.

இந்த நிலைமையில் புது நகரத்தின் மேயராக வந்தவர் லாஸ்ட்மன். 1997 தேர்தல் பிரசாரத்தில், தன்னுடைய நோர்த் யோர்க்கில் வீடில்லாதவர்களே கிடையாது என்று சொன்னவர். அதே நாட்களில் நோர்த் யோர்க்கின் பெற்றோல் நிலையக் கழிப்பறை ஒன்றில் வீடில்லாத பெண் ஒருவர் இறந்து கிடந்தார். லாஸ்ட்மன் வெட்கப்பட்டார், வெளிப்படையாகவே. லேட்டன் அந்த இடத்தில் அவரைக் குத்திக் காட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய லேட்டன் அப்படித்தான் செய்திருப்பார். இப்போது அந்த வெட்கத்தை வேலைக்கு மாற்றுவதில் இறங்கினார். மேயர் அமைத்த ஆன் கோல்டன் தலைமையிலான பணிக்குழு 1999 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. தெருவில் வேலை செய்யும் தாதிகளும் செயற்பாட்டாளர்களும் 1998இல் வீடின்மையைத் தேசியப் பேரிடர் என்று அறிவிக்கக் கேட்டார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் சொல்லும் சொல் அது. நகரசபை ஏற்றது. அடுத்து நாட்டின் பெரிய நகரங்களின் மேயர்களும் ஏற்றார்கள். பழமைவாத மேயர்களும் அதில் இருந்தார்கள்.

நகராட்சிகளின் கனடியச் சம்மேளனத்தை லேட்டன் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான். பெயரைக் கேட்டால் தூக்கம் வரும் அமைப்பு. வருடத்துக்கொரு மாநாடு நடத்தி, குழாய், வடிகால், சாலை பற்றிப் பேசுவார்கள். ஆனால் பிரேரிச் சமவெளியின் சின்ன ஊர் மேயரும் வன்கூவர் மேயரும் ஒன்றாக ஒட்டாவாவின் கதவைத் தட்டினால் எந்தக் கட்சி அரசும் திறக்கத்தான் வேண்டும். தேசிய வீட்டுவசதிக் கொள்கைக்கான அவர்களுடைய குழுவை லேட்டன் வழிநடத்தினார். 1999 டிசம்பரில் மத்திய அரசு வீடின்மைக்காக மூன்று வருடத்தில் 753 மில்லியன் டாலர் அறிவித்தது. 2000இல் நகரங்களின் பசுமைத் திட்டங்களுக்கு 125 மில்லியன் டாலர் நிதியம் வந்தது. சம்மேளனமே அதை நடத்துகிறது; ரொறன்ரோ வளிமண்டல நிதியத்தில் பார்த்த அதே அச்சு, நாடு அளவில். 2001இல் லேட்டன் சம்மேளனத்தின் தலைவரானார். அதே வருடம் வாடகை வீடுகள் கட்ட 680 மில்லியன் டாலர் அறிவிப்பும் வந்தது.

இதெல்லாம் அவர் ஒருவரால் நடந்தது என்று சொன்னால் அது பொய். அமைச்சர் குளோடெட் பிராட்ஷோ உள்ளிருந்து அழுத்தினார், செயற்பாட்டாளர்கள் தெருவில் அழுத்தினார்கள். வந்த பணத்திலும் குறை இருந்தது. 753 மில்லியனில் பெரும்பகுதி தங்குமிடங்களுக்கும் சேவைகளுக்கும் போனது, நிரந்தர வீட்டுக்கு இல்லை. 2001 பணத்துக்கு மாகாணமும் தன் பங்கைப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, ஒன்ராறியோ இழுத்தடித்தது. 2002 செப்டம்பரில், ஏரிக்கரையில் தனியார் நிலத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே நாளில் வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு நகரம் கொடுத்த வாடகை உதவியால் அவர்களில் பெரும்பாலோர் வீடு கண்டார்கள். வாடகைக்குப் பணம் கொடுத்தால் தெருவில் இருப்பவர் வீட்டுக்குப் போவார் என்பது அவ்வளவு நேரடியாக நிரூபணமானது. அதையே எல்லோருக்கும் விரிக்கும் அளவுக்குப் பணம் அன்றும் வரவில்லை.

இன்று ரொறன்ரோவின் பூங்காக்களில் கூடாரங்களைப் பார்க்கிறேன். 1990களில் இருந்ததைவிட நிலைமை மோசம். சௌ 2023 ஜூலை முதல் இந்த நகரத்தின் மேயர். அவர் மேசையிலும் முதல் கோப்பு இதுதான். நகரசபையின் சொத்து வரியை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்று லேட்டன் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

காற்றாடி, அப்புறம் ஒட்டாவா

எக்ஸிபிஷன் பிளேஸ் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் அந்த ஒற்றைக் காற்றாலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2002 டிசம்பரில் எழுந்தது, 750 கிலோவாட், 90 மீட்டருக்கு மேல் உயரம். வட அமெரிக்காவில் ஒரு நகரத்துக்குள் நட்ட முதல் பெரிய காற்றாலை. நகர மின்நிறுவனமும் சாதாரண மக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து கட்டியது. மின்நிறுவனத்தின் இயக்குநர் சபையில் இருந்த லேட்டன் அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர். மின்சார அளவில் அது சின்னது. நகரமும் அயலவர்களும் சேர்ந்து ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்று கண்ணுக்குத் தெரியும்படி நின்றதுதான் அதன் பயன்.

சில வாரங்களில், 2003 ஜனவரி 25ஆம் திகதி, அவர் முதல் சுற்றிலேயே 53.5 சதவீத வாக்கு பெற்றுப் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். நாடாளுமன்றத்தில் இடம்கூட இல்லாத நகரசபை ஆள். சபை வாழ்க்கை அங்கே முடிந்தது. அவருடைய மகன் மைக் லேட்டன் 2010இலிருந்து 2022 வரை அதே சபையில் உறுப்பினராக இருந்தார்.

2005இல் நடந்த ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் அது நகரசபையில் கற்ற வேலை. பிரதமர் போல் மார்ட்டினின் சிறுபான்மை அரசு விழும் நிலையில் இருந்தது. வீடில்லாதவர்களின் சாவுக்கு மார்ட்டினின் வெட்டுகள்தான் காரணம் என்று முந்தைய வருடத் தேர்தலில் லேட்டன் சொல்லியிருந்தார். பெரிய சண்டையாகப் போன வார்த்தை. இப்போது அதே மார்ட்டினோடு உட்கார்ந்து, தன் கட்சியின் 19 வாக்குகளுக்குப் பதிலாக வரவுசெலவுத் திட்டத்தை மாற்றி எழுத வைத்தார். பெரு நிறுவன வரிக் குறைப்பைத் தள்ளிவைத்து 4.6 பில்லியன் டாலர் புதுச் செலவு. அதில் 1.6 பில்லியன் டாலர் குறைந்த வாடகை வீடுகளுக்கு. மே 19ஆம் திகதி வாக்கெடுப்பில் இரு பக்கமும் 152, 152 என்று சமமாக நின்றன. சபாநாயகர் பீற்றர் மிலிக்கன் ஒரே வாக்கால் மசோதாவைக் காப்பாற்றினார்.

ஆறு மாதத்தில் அந்த அரசையும் லேட்டன் சேர்ந்தே கவிழ்த்தார். 2006இல் ஸ்டீபன் ஹார்ப்பரின் பழமைவாத அரசு வந்தது. சட்டம் ஏற்கெனவே நிறைவேறியிருந்ததால், வீட்டுக்கென்று ஒதுக்கியதில் 1.4 பில்லியன் டாலர் வரை அந்த அரசின் முதல் வரவுசெலவுத் திட்டம் வழியாகவே மாகாணங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.